மாமிக்காக முள்ளெடுத்த கொடுவா

போன வருடம் தைப்பொங்கல் கழிந்த கிழமை, மத்தியானச் சோற்றோடு மாமியின் தொண்டையில் மணலை மீன் முள் ஒன்று குத்திவிட்டது. எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சோற்றை உருட்டிக் கொடுத்து மெல்லாமல் விழுங்கச் சொன்னோம். பிறகு வாழைப்பழம். இரண்டும் சேர்ந்து முள்ளை இன்னும் கீழே இறக்கிவிட்டன. பொழுதுபடும் நேரம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். தொண்டை வைத்தியர் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, இடுக்கியால் எடுத்துப் போட்டார். "முள் குத்தினா ஒண்டையும் விழுங்கக் கொடுக்காதீங்க. நேரா கூட்டிட்டு வாங்க" என்றார். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சோற்று உருண்டையை மருந்தென்று நம்பும் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கின்றன.

அதற்குப் பிறகு மாமி மீனைத் தொடவில்லை. அவருக்கு 74 வயது. மட்டக்களப்பில் கல்லடியில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு ஒரு மனிசி மீன் தின்னாமல் இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கேட்டால், "பருப்பு இருக்கே மனே, அது காணும்" என்பார். ஆனால் நான் மீன் ஆணம் வைக்கிற நேரம் பார்த்துக் குசினி வாசலில் வந்து நிற்பார். மூடியைத் திறந்து பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விடுவார்.

முள்ளில்லாமல் மீன் சமைக்க நான் பழகியது இப்படித்தான். கைக்கு வர ஆறேழு மாதம் பிடித்தது.

எங்கள் ஊரில் மீனைக் குறுக்கே வெட்டி, நடுமுள்ளோடு துண்டு துண்டாகத்தான் சட்டியில் போடுவோம். பழப்புளி, கொச்சிக்காய்த் தூள், தேங்காய்ப்பால், பிறகு நல்ல கொதி. சூரையும் அறுக்குளாவும் அதற்குத் தாக்குப் பிடிக்கும். முள்ளும் தோலும் எடுத்த வெள்ளைச் சதை தாக்குப் பிடிக்காது. நான் முதல் தடவை அந்தச் சதையைப் பழைய முறையிலேயே இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். பாதி கரைந்து குழம்போடு போய்விட்டது. மீதியை வாயில் போட்டால் பஞ்சை மென்றதுபோல இருந்தது. மாமி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஓரமாக வைத்தார்.

எங்கே பிழை என்று யோசித்தபோது, மீன் எப்படி வாழ்கிறது என்பதில் இருந்துதான் விடை கிடைத்தது. சூரை ஓயாமல் நீந்துகிற மீன். அதன் தசைக்கு எந்நேரமும் பிராணவாயு வேண்டும். அதைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற நிறப்பொருள்தான் அந்தச் சிவப்பு. கொடுவா அப்படி அலையாது. கண்டல் வேருக்குள் அசையாமல் கிடக்கும், இரை கிட்ட வந்ததும் ஒரே பாய்ச்சல். அதனால் அதன் சதை வெள்ளை, ருசியும் சாந்தம். எந்த மீனானாலும் சதை இதழ் இதழாக அடுக்கியிருக்கும். அந்த இதழ்களை ஒட்டி வைத்திருக்கும் சவ்வு மிக மெல்லியது, 50 பாகை செல்சியஸ் கடந்ததுமே இளகத் தொடங்கிவிடும். ஆட்டிறைச்சியின் சவ்வோ மணிக்கணக்காக வெந்தால்தான் இளகும். அதனால்தான் இறைச்சி வேக வேக மிருதுவாகிறது, மீன் வேக வேக நீரை விட்டுக் காய்கிறது. நான் மீனுக்கு இறைச்சியின் நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மீன் வாங்குவதைச் சொல்கிறேன். இந்தச் சமையலுக்கு எங்கள் பக்கத்தில் எனக்குப் பிடித்தவை கொடுவா, விளைமீன், கலவாய். மூன்றும் வெள்ளைச் சதை, முள் பெரிது, தேடி எடுக்கலாம். மணலை ருசியான மீன்தான், ஆனால் முள் எடுத்து முடியாது. காத்தான்குடியில் இருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரக் காக்கா ஒருவரிடம்தான் எப்போதும் வாங்குவேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்போம். கொடுவா கடலிலும் கிடைக்கும், வாவியிலும் கிடைக்கும். "இது ஆத்துக் கொடுவா தங்கச்சி, விடியப்புறம் பட்டது" என்று அவர் சொன்னால் நம்பி வாங்குவேன். இருந்தாலும் பூவை, அதாவது செவுளை, தூக்கிச் சிவப்புப் பார்க்காமல் வாங்குவதில்லை. கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அமத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். வெட்டின சதை என்றால் கண்ணாடிபோல லேசாக ஒளி ஊடுருவ வேண்டும். சுண்ணாம்புபோல வெளுத்திருந்தாலும், இதழ்கள் தானாகப் பிரிந்து இடைவெளி தெரிந்தாலும் அந்த மீன் ஆணத்துக்குப் போகட்டும், இதற்கு வேண்டாம்.

இரண்டு கிலோவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும் மீன் எனக்கு வசதி. கொடுவாவில் ஒரு விசேஷம் உண்டு. அது ஆணாக வளர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரிய பெரிய கொடுவா அநேகமாக முட்டையிடும் பெண்தான். இதை அறிந்த பிறகு ஆறு, ஏழு கிலோ மீன் பெட்டியில் கிடந்தாலும் எனக்குக் கை போவதில்லை. வாவியில் அது இன்னும் நிறைய நாள் இருக்க வேண்டிய மீன் என்று தோன்றும்.

சதையை மட்டும் எடுத்தால் முழு மீனின் நிறையில் பாதிகூடத் தேறாது. காக்காவிடம் சொன்னால் அவரே எடுத்துத் தருவார். ஆனால் தலையையும் நடுமுள்ளையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், எதற்கென்று பிறகு சொல்கிறேன். வீட்டில் எடுப்பதென்றால் கத்தி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். செட்டைக்குப் பின்னால் சரிவாக நடுமுள்வரை ஒரு வெட்டு. பிறகு கத்தியைப் படுக்க வைத்து, முள்ளைத் தடவிக்கொண்டே வால்வரை இழுக்க வேண்டும். கத்தி முள்ளில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். தோலை உரிக்கும்போது வால் நுனி வழுக்கும். விரலில் கொஞ்சம் உப்புத் தொட்டுப் பிடித்தால் பிடி கிடைக்கும்.

மாமியின் தொண்டைக்கு எதிரியான முள் இனித்தான் வருகிறது. சதையின் முன்பாதியில், நடுக்கோட்டை ஒட்டி ஒரு வரிசை ஊசிமுள் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் தலைப்பக்கத்தில் இருந்து வால்பக்கம் மெதுவாகத் தடவினால் குத்தும். சாவணத்தால் (சின்ன இடுக்கியால்) பிடித்து, அது சரிந்திருக்கும் திசையிலேயே, அதாவது தலைப்பக்கமாக இழுக்க வேண்டும். நேரே மேலே இழுத்தால் சதை கிழியும், முள்ளும் உள்ளே முறிந்துவிடும். கை வழக்கப்படாவிட்டால், அந்த முள் வரிசையை இரண்டு பக்கமும் கத்தியால் கீறி ஒரு நாடாவாக எடுத்துவிடலாம். கொஞ்சம் சதை வீணாகும். வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற மீன் என்றால் அந்தச் சதை போனால் போகட்டும்.

தேசிக்காய் (எலுமிச்சை) விஷயத்திலும் ஒரு பிழை விட்டேன். வெடில், அதாவது மீன் வாடை, போகட்டும் என்று புளியைப் பிழிந்து ஒரு மணித்தியாலம் ஊறவிட்டேன். எடுத்துப் பார்த்தால் மேல் சதை அடுப்பில் வைக்காமலே வெளுத்து, மாப்போல உதிர்ந்தது. புளிப்பு மீனின் புரதத்தைத் தானே வேகவைத்துவிடுகிறது. வெடிலைக் கட்டுப்படுத்தப் புளிப்பு உதவுவது உண்மை. நாள்பட்ட மீனில் உண்டாகும் அந்த வாடை காரத்தன்மை உள்ளது, புளிப்புப் பட்டதும் எழும்பாமல் அடங்கும். ஆனால் அதற்கு இரண்டு நிமிடம் காணும், கழுவிவிட வேண்டும். நல்ல புது மீனுக்கு முன்கூட்டிப் புளி தேவையே இல்லை. சாப்பிடும் நேரம் பிழிந்தால் போதும்.

உப்புத்தான் முதலில் போக வேண்டும். அரைக் கிலோ சதைக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள். இரண்டு பக்கமும் தடவிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். மேலே நீர் அரும்பி வரும், சதை கொஞ்சம் இறுகும். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். இந்த ஒற்றும் வேலையை நான் பல நாள் அலட்சியமாக விட்டிருந்தேன். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் அந்த நீர் ஆவியாகி முடியும்வரை மீன் பொரியாது, அவியத்தான் செய்யும். அது காய்ந்து மேலே நிறம் பிடிக்கும் நேரத்தில் உள்ளே கடந்து வெந்துபோகும். மீன் கல்லில் ஒட்டிக் கிழிவதற்கும் ஈரமே பெரிய காரணம்.

பொரிப்பதற்கு இரும்புத் தோசைக்கல் நல்லது. நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். ஒரு கறிவேப்பிலையைப் போட்டால் உடனே சடசடவென்று பொரிய வேண்டும். மீனில் அரிசி மாவை மிக மெல்லியதாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுக் கல்லில் வைத்து, மூன்று விநாடி அகப்பையால் அமத்துங்கள். பிறகு தொடாதீர்கள். தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். ஒட்டினதுபோல இருக்கும், கை துடிக்கும். மொறுமொறுப்பாகப் பொன்னிறம் வந்ததும் அது தானாகவே கல்லை விடும். ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல இருந்த சதையில் கீழே இருந்து ஒரு வெள்ளைக் கோடு ஏறிக்கொண்டு வரும். மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் புரட்டுங்கள். ஒரு விரல் தடிப்புள்ள துண்டுக்கு முதல் பக்கம் மூன்று, நான்கு நிமிடம், மறு பக்கம் ஒன்று, ஒன்றரை நிமிடம். அவ்வளவுதான். கொச்சிக்காய்த் தூளை முதலிலேயே தடவினால் அது கருகிக் கைத்துப்போகும். காரம் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு சம்பல் வையுங்கள், அல்லது இறக்கிய பிறகு மிளகுத்தூள் தூவுங்கள்.

"வெந்ததெண்டு எப்பிடித் தெரியும்?" என்று என் தங்கச்சி கேட்பாள். பாதுகாப்புக்கு மீனின் நடுப்பகுதி 63 பாகை செல்சியஸ் தொட வேண்டும் என்பது கணக்கு. எங்கள் வீட்டில் சமையல் வெப்பமானி இல்லை. தும்புத்தடியில் படாத புது ஈர்க்கு ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன். தடித்த இடத்தில் குத்தினால் அது தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். ஐந்து விநாடி உள்ளே வைத்து எடுத்து, கீழுதட்டில் தொட்டால் நல்ல சூடு தெரிய வேண்டும். இளஞ்சூடாக இருந்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுக்கலாம். விரலால் அமத்தும்போது இதழ்கள் பிரிந்து, உள்ளே முழுவதும் வெள்ளையாக இருக்க வேண்டும். மேலே தயிர்போல வெள்ளைத் துளிகள் பிதுங்கி நின்றால் சூடு கூடிவிட்டது. அது சதைக்குள் இருக்க வேண்டிய புரதம். தடித்த துண்டென்றால், இதழ் பிரியப் போகிறது என்ற நேரத்திலேயே இறக்கி இரண்டு நிமிடம் தட்டில் விடுங்கள். உள்ளே இருக்கும் சூடு மிச்ச வேலையை முடித்துவிடும்.

பொரித்தது நன்றாகத்தான் வந்தது. ஆனால் மாமி திரும்ப மீனுக்கு வந்தது சொதியால்.

அவருக்குப் பல் குறைவு, மொறுமொறுப்பு ஒத்து வராது. மாரி காலம், வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் குறைந்து, வாவி மீன்தான் வந்துகொண்டிருந்தது. அன்று கிடைத்த ஒரு கொடுவாவில் சொதி வைத்தேன். இந்த முறை தலையையும் நடுமுள்ளையும் வீணாக்கவில்லை. பூவை வெட்டி எறிந்துவிட்டு, முள்ளை நன்றாகக் கழுவி, இஞ்சித் துண்டு, ரம்பை, நாலைந்து மிளகு போட்டு இருபது நிமிடம் மெல்லிய தீயில் அவித்தேன். அதற்கு மேல் விட்டால் கசப்புத் தட்டும். அந்தத் தண்ணீரைத் துணியில் இரண்டு தடவை வடித்தேன். முள் துணுக்கு ஒன்றுகூடப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டாவது தடவை.

அந்தத் தண்ணீரில் பத்துச் சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய் மூன்று, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. வெங்காயம் அவிந்ததும் ஒரு தேங்காயின் இரண்டாம் பாலை விட்டு ஒரு கொதி வரவிட்டேன். உப்புப் பார்த்தேன். பிறகு தீயைக் குறைத்து முதற்பாலை விட்டு, சட்டியின் ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழ் வருகிற அளவுக்கு வைத்துக்கொண்டு, உப்புத் தடவி ஒற்றி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வழுக்கிவிட்டேன். அகப்பை போட்டுக் கிண்டவே கூடாது. சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். மூடி வைத்து ஐந்து நிமிடம். ஈர்க்கால் பார்த்து அடுப்பை நிற்பாட்டினேன். தேசிக்காய்ப் புளி கடைசியில், அடுப்பை விட்டு இறக்கி ஒரு நிமிடம் ஆறின பிறகுதான். கொதிக்கும் முதற்பாலில் புளி விழுந்தால் பால் திரைந்துவிடும், சட்டியின் சூடு மீனையும் விடாமல் வேகவைத்துக்கொண்டே இருக்கும்.

பரிமாறும் முன் ஒவ்வொரு துண்டையும் மாமியின் கண் முன்னால் விரலால் பிரித்துக் காட்டினேன். இடியப்பத்துக்கு மேலே சொதியை ஊற்றி, மீனை வைத்தேன். ஒரு வாய் வைத்தார். நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்தார், முள் இருக்குமோ என்று நாக்கால் தேடினாரோ என்னவோ. பிறகு விழுங்கினார். "என்னகா இது, வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றார். அன்று மூன்று துண்டு சாப்பிட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை, இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினேன்.

அதற்குப் பிறகு வாழை இலையிலும் செய்து பார்த்தேன். இலையைத் தணலில் வாட்டி, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி இலை அரைத்துப் பூசின மீனைப் பொதிந்து, இடியப்பம் அவிக்கிற தட்டில் வைத்தால் எட்டு, பத்து நிமிடம். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு வைத்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும்.

எல்லா நாளும் கொடுவா கிடைக்காது, கிடைத்தாலும் விலை எட்டாது. உன்னிச்சைக் குளத்து மீன், அம்பாறைப் பக்கத்துக் குளத்து மீன் என்று திலாப்பியா வரும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்ட மீன் அது. மலிவு, சதை வெள்ளை, முள்ளெடுக்கவும் சுகம். சேற்று வாடைதான் சிலருக்குப் பிடிக்காது. அது நீரில் இருக்கும் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம், தோலிலும் கொழுப்பிலும் தங்கும். புளிப்பு அந்த மணத்தை முறிக்கும். ஆகவே திலாப்பியாவுக்கு மட்டும் நான் தோலை உரித்து, நடுக்கோட்டில் இருக்கும் கருஞ்சதையைச் சீவிவிட்டு, தேசிக்காய்ப் புளியும் உப்பும் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுக் கழுவுவேன். சதை மெல்லியது என்பதால் கல்லில் இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு நிமிடம்கூடப் பிடிக்காது.

பெரிய கடைகளில் ஐஸ் போட்ட பக்கெற்றில் வெளிநாட்டு வெள்ளைச் சதை விற்கிறார்கள். அவசரத்துக்கு ஒருமுறை வாங்கினேன். உருகட்டும் என்று சுடுதண்ணீரில் போட்டேன். ஓரம் வெந்து, நடு கட்டியாக இருந்தது. கல்லில் போட்டதும் குளம்போல நீர் விட்டது. அப்படிப்பட்ட மீனின் மேல் ஒரு ஐஸ் படலம் பூசியிருப்பார்கள், சிலவற்றில் சதை நீரைப் பிடித்து வைக்க உப்புக் கரைசலும் ஏற்றியிருப்பார்கள். பக்கெற்றில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள். முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில், வடிதட்டு ஒன்றில் வைத்து உருகவிட்டு, காலையில் நன்றாக ஒற்றினால் ஓரளவு சமாளிக்கலாம். ஏற்கெனவே உப்பு ஏறியிருந்தால் நீங்கள் போடும் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

இப்போது கிழமையில் இரண்டு நாள் மாமிக்கு மீன். காக்கா ஹோர்ன் அடித்தால் என்னை முந்திக்கொண்டு படலையடிக்குப் போய், பூவைத் தூக்கிப் பார்ப்பவரும் அவர்தான். நான் முள் எடுத்து முடித்த பிறகு, கையைக் கழுவிவிட்டு வந்து குசினி வாங்கில் இருந்துகொண்டு, ஒவ்வொரு துண்டையும் தானும் ஒருமுறை தடவிப் பார்ப்பார். நான்கு விரலையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு. போன செவ்வாய்க்கிழமை கடைசித் துண்டில் அவர் விரல் நின்றது. சாவணத்தைக் கேட்டு வாங்கி, தலைப்பக்கமாகச் சரித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இந்தா மனே, ஒண்டை விட்டிட்டாய்."